ஆர்லோ கை வைத்த காலை

நெயாஃபு, வவாவு தீவு, தொங்கா
பிப்ரவரி 15, 1988, திங்கள்

என் அருமைத் தங்கை நோரீனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உன் அத்தானும் இங்கே நல்ல சுகம். எங்களால் இந்தத் தீவின் கொசுக்களும் நல்ல சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாசல் பனியை நீயே அள்ளிக்கொண்டு நிற்காதே, ஆள் வைத்துக்கொள்.

வந்து ஆறு வாரம் ஓடிவிட்டது. ஐடஹோவில் நாற்பத்திரண்டு வருஷம் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவே குடித்தனம் நடத்தியவளுக்கு இப்போது கடலுக்கு நடுவே குடித்தனம். தகரக் கூரை, மழைத் தண்ணீர்த் தொட்டி, வாசலில் யார் வீட்டுப் பன்றிகளோ. நான் துணி காயப்போட்டால் அவை வந்து கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கின்றன.

எங்கள் ஊழியம் இன்ன வேலை என்று ஒரு கணக்கில் அடங்காது. விடிந்ததும் வேதம் வாசித்து ஜெபம். பிறகு உன் அத்தான் பம்பு ரிப்பேர், கூரை ஒழுகல், சபைக் கட்டடத்துக் கழிவறை என்று கிளம்பிவிடுவார். நானும் கூடவே போக வேண்டும். ஊழியத்துக்கு வந்த தம்பதி ஒருவரை ஒருவர் விட்டு விலகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே. வீட்டில் இருந்தபோது சாப்பாட்டு வேளைக்குத்தான் அவர் முகத்தைப் பார்ப்பேன். இப்போது பல் தேய்க்கும்போதுகூட எதிரே நிற்கிறார். சாயங்காலம் பதினோரு பெண்பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். பியானோவில் மூன்று கட்டை ஊமை. அந்த மூன்று இடத்திலும் பிள்ளைகள் வாயாலேயே பாடி நிரப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் மூப்பர்கள். பத்தொன்பது வயசுப் பையன்களுக்கு மூப்பர் என்று பட்டம் கொடுத்து ஊழியத்துக்கு அனுப்பிவிடுகிறோம், அவர்கள் வீட்டைச் சோதனை போட எங்களை அனுப்புகிறோம். போன வாரம் ஒரு பானையைத் திறந்தேன், உள்ளே இருந்த சோற்றுக்குத் தாடி முளைத்திருந்தது. "இந்த வீட்டுல இவர்தான் பெரிய மூப்பரா?" என்று உன் அத்தான் கேட்டார்.

அவர் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இருபது வயதில் போயிருக்க வேண்டிய ஊழியம். போர் வந்து இழுத்துக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தால் அவர் அப்பா படுக்கையில், நிலம் இவர் தலையில். அறுபத்தைந்து வயதில் கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமைதான் எங்களுக்கு ஓய்வு. பழைய வழக்கம் அப்படியே இருக்கிறது. அவர் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், வந்த கடிதங்களை நான் சத்தமாக வாசிப்பேன். ஆகவே நிறைய எழுது.

கேட்க வேண்டும் என்றிருந்தேன். அம்மாவுக்கு முதலில் வந்தது எந்தப் பக்கம்? சும்மாதான். ஞாபகம் வந்தது, கேட்டேன்.

உன்னை அன்றாடம் ஜெபத்தில் நினைக்கும்
அக்கா வெர்டா

*

டீட்டன் பள்ளத்தாக்கு, ஐடஹோ
மார்ச் 8, 1988

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

இங்கே இன்னும் வேலிக்கம்பி தெரியாத அளவுக்குப் பனி. விதைக்கிழங்கு வெட்ட இன்னும் ஆறு வாரம் ஆகும். உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் டிராக்டரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அத்தானிடம் சொல். போன வாரம் ஒரு சாவுச் சாப்பாடு. பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பச்சை ஜெல்லி கொண்டுவந்திருந்தார்கள். மேஜையே ஆடிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இடது மார்பு. அக்குள் பக்கமாக. பட்டாணி அளவு என்றாள் முதலில். வலிக்கவில்லை, அதனால்தான் ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. நீ அப்போது கைக்குழந்தைக்காரி, உனக்கு முழுதும் தெரியாது. கடைசிவரை குளிப்பாட்டியவள் நான்.

இருபத்தாறு வருஷம் கழித்து, அத்தனை கடலைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு உனக்கு இது எதற்கு ஞாபகம் வருகிறது? சும்மா என்று எழுதாதே. நீ சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை.

உங்கள் ஊழியம் சிறக்க வேண்டிக்கொள்ளும்
நோரீன்

*

நெயாஃபு
ஏப்ரல் 4, 1988, திங்கள்

நோரீன் கண்ணே,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆயிற்று. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு வேண்டுகிறோம். ஜெல்லி கதையை வாசித்தபோது உன் அத்தான் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்து எங்கோ ஓடிவிட்டது.

நேற்று ஈஸ்டர். சபைக்காரர்கள் மண்ணடுப்பில் கிழங்கும், தேங்காய்ப்பாலில் இலை மடித்த கறியும் வேகவைத்து, எங்களை நடுவில் உட்காரவைத்து ஊட்டாத குறைதான். லெய்சியெலி என்று ஒருத்தி, சபைப் பெண்கள் சங்கத்துத் தலைவி, முன்பு நர்ஸாக இருந்தவள். ஆள் மலை மாதிரி. நான் தட்டைக் கவிழ்த்துவைத்தால் நிமிர்த்திவைத்துப் பரிமாறுகிறாள். "இந்த இடுப்போட ஐடஹோவுக்குத் திரும்பினா எங்க தீவுக்குத்தான் கெட்ட பேரு" என்கிறாள்.

உன் அத்தானுக்கு இங்கே பெரிய பெயர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எண்ணெய்க் குப்பியோடு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தலையில் எண்ணெய் பூசி, கை வைத்து ஆசி சொல்லிவிட்டு வருவார். நேற்று முன்தினம் வாசலில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.

ஒரு உதவி. அடுத்த முறை ஆலயத்துக்குப் போகும்போது ஜெபப் பட்டியலில் ஒரு பெயர் எழுதிப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருத்தி. பெயர் வேண்டாம், ஒரு சகோதரி என்று எழுது போதும். கர்த்தருக்குத் தெரியும்.

அன்புடன்
அக்கா

*

டீட்டன் பள்ளத்தாக்கு
ஏப்ரல் 26, 1988

அக்கா,

சுகமா என்று கேட்கத்தான் வேண்டும், வழக்கம். ஆனால் நீ உண்மையைச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தபின் கேட்டு என்ன பயன்?

ஆலயத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம், பாதி வழி ஐஸ். ஜெபப் பட்டியல் சீட்டை எடுத்தேன். உன் பெயரை எழுதினேன். முழுப் பெயரையும், கொட்டை எழுத்தில். ஒரு சகோதரியாம்! எனக்கு இருப்பதே ஒரு சகோதரிதானடி மக்கே.

எந்தப் பக்கம் என்று கேட்கிறாய், பதில் சொன்னால் அதைப் பற்றி மூச்சு விடாமல் கறி, கிழங்கு, திருப்புளி என்று பூசி மெழுகுகிறாய்.  அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோய் நிற்கிறேன். எந்தப் பக்கம்? எவ்வளவு பெரிசு? எப்போதிலிருந்து?

இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

நோரீன்

*

நெயாஃபு
மே 23, 1988, திங்கள்

என் நோரீனுக்கு,

உன் கடிதத்தை நான் எப்படி வாசித்தேன் என்று தெரியுமா? அவர் எதிரே உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் பாட்டுக்குச் சத்தமாக ஆரம்பித்துவிட்டேன். "நீ உண்மையை" என்பதோடு நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் உன் பசு கன்று போட்டது என்று வாசித்தேன். இரட்டைக் கன்று. அவர் கேட்டால் ஆமாம் என்று சொல்.

இனிமேல் இந்த விஷயத்தைத் தனித் தாளில் எழுதி உள்ளே வை. வெளித் தாளில் ஊர்க்கதை.

இப்போது அவர் கூரைமேல் இருக்கிறார். சுத்தியல் சத்தம் கேட்கும்வரை எழுதுவேன்.

இடது பக்கம்தான். அம்மாவுக்கு இருந்த அதே இடம். அக்டோபரில், கிழங்கு எடுக்கிற வாரம், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அப்போது பட்டாணி. இப்போது ப்ளம் கொட்டை. வலி இல்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது, கையைத் தூக்கினால்.

அந்த வாரம்தான் ஊழியத்துக்கான படிவம் வந்தது. உடலில் எங்காவது கட்டி, வீக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. அவர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தன் படிவத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று எழுதினேன். டாக்டர் வாய் வார்த்தையாகக் கேட்டார், அவரிடமும் இல்லை என்றேன். உண்டு என்று எழுதியிருந்தால் அந்த மேஜையிலேயே எல்லாம் முடிந்திருக்கும், நோரீன். நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்த மனுஷன். பதினெட்டு மாச ஊழியம்தானே, தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

லெய்சியெலிக்குத் தெரியும். தோள் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன், தேங்காய் எண்ணெயோடு வந்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே வந்த கை அக்குள் பக்கம் வந்ததும் அப்படியே நின்றது. "அவருக்குத் தெரியுமா?" என்றாள். "இல்ல" என்றேன். "நீ சொல்லு. நான் உன் வீட்டுக்குள்ள புகுந்து பேச மாட்டேன். ஆனா ரொம்ப நாள் விடாதே" என்றாள். அப்புறம் அரைமணி நேரம் தோளையே தேய்த்தாள்.

என் பிள்ளைகளுக்குச் சொல்லாதே. சுத்தியல் நின்றுவிட்டது.

வெர்டா

*

டீட்டன் பள்ளத்தாக்கு
ஜூன் 14, 1988

(இது உனக்கு மட்டும். பசுவும் இரட்டைக் கன்றும் வெளித் தாளில் சௌக்கியமாக மேய்கின்றன.)

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கோபமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை.

பதினெட்டு மாசம் தாங்கும் என்று எந்த டாக்டர் சொன்னார் உனக்கு? அம்மாவுக்குத் தாங்கிற்றா? நீ போட்டது கணக்கில்லை, ஆசை. அத்தான் ஊழியத்துக்குக் காத்திருந்தது நாற்பத்தைந்து வருஷம், உன்னோடு வாழ்ந்தது நாற்பத்திரண்டு வருஷம். எது வேண்டும் என்று அவரைக் கேட்டாயா? நீயே அவருக்குப் பதிலாக முடிவு பண்ணிவிட்டாய். இதுக்குப் பேர் தியாகம் என்று மட்டும் சொல்லிவிடாதே, இங்கிருந்தே வந்து அறைவேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பிள்ளைகளுக்குக் காதுவலி வந்தால்கூட நடுச்சாப்பாட்டில் கையைக் கழுவவைத்து, "தலையில கை வைங்க" என்று அவரை நிறுத்துகிறவள் நீ. ஊரே உன் வாசலில் வந்து அவர் கைக்குத் தலையைக் கொடுக்கிறது. அந்த வீட்டிலேயே இருக்கிற உனக்கு ஒரு ஆசி கேட்க வாய் வரவில்லையா?

சொல்லிவிடு. அல்லது நான் சொல்வேன். ஆகஸ்ட் முதல் வாரம்வரை பொறுப்பேன்.

உன் தங்கை

*

நெயாஃபு
ஜூலை 11, 1988, திங்கள்

நோரீன்,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை போகிறது. பழக்கம்.

ஆசி ஏன் கேட்கவில்லை என்று கேட்டாய். லோர்னாவை ஞாபகம் இருக்கிறதா, அவருடைய தங்கை? அவளுக்கு ரத்தத்தில் வியாதி என்றபோது ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்தான் கை வைத்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். எண்ணெய் பூசியாயிற்று. இரண்டு கையும் அவள் தலையில். வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கிறது. லோர்னா கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில், "கர்த்தர் உன் கூட இருப்பார்" என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள்.

வரும் வழியில் காரில் சண்டை போட்டேன். "நீ சுகமாயிடுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் தேஞ்சா போயிடும்?" என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். "வந்தாத்தான் சொல்ல முடியும், வெர்டா. அந்த நேரத்துல அது என் வாய் இல்ல. வராததைக் கர்த்தர் பேரைச் சொல்லிச் சொன்னா அதைவிடப் பெரிய பொய் கிடையாது" என்றார். அந்த மனுஷன் அப்படித்தான்.

கட்டியைக் கண்டு எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையை என் தலையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. கேட்காதவரை எனக்குத் தெரியாது. தெரியாதவரை நான் பியானோ சொல்லித் தருவேன், சட்டைக்குப் பித்தான் தைப்பேன், பானையைச் சோதனை போடுவேன்.

இன்னொன்று. ஊழியத் தலைவர் வந்திருந்தார். இன்னும் ஆறு மாசம் கூடுதலாக இருக்க முடியுமா என்று கேட்டார். உன் அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் என்ன சொல்லட்டும்? சரி என்றேன்.

என்னைத் திட்டாதே. கொஞ்சம் டைம் கொடு.

வெர்டா

*

டீட்டன் பள்ளத்தாக்கு
ஆகஸ்ட் 9, 1988

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நோரீன் வணக்கத்துடன் எழுதுகிறேன். இதை நீங்களே வாசியுங்கள். அக்காவின் இடது மார்பில் கட்டி இருக்கிறது, போன அக்டோபரிலிருந்து. எங்கள் அம்மாவை எடுத்துக்கொண்டுபோன அதே கட்டி. உங்கள் ஊழியம் கெட்டுவிடும் என்று மறைத்தாள். அவளைக் கோபிக்காதீர்கள், உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நோரீன்

*

நெயாஃபு
செப்டம்பர் 5, 1988, திங்கள்

நோரீன்,

சொன்னபடி செய்துவிட்டாய்.

போன திங்கள்கிழமை உன் கடிதம் வந்தது. உறையில் அவர் பெயர். "உன் தங்கச்சிக்கு என்ன புதுசா மரியாதை?" என்று சிரித்துக்கொண்டே கிழித்தார், உள்ளே இருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "படி" என்றார். பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், கை முழுதும் கரி. நீங்களே வாசியுங்கள் என்று நீ எழுதியிருந்ததையும் நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

தாளைக் கையில் வாங்கினேன். வாய்க்கு வந்ததை ஆரம்பித்துவிட்டேன். கிழங்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்றேன். குத்தகைக்காரன் கிடங்குக் கதவை மாற்றிவிட்டான் என்றேன். கன்று இரண்டும் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுப் பூச்செடிகளை மேய்ந்துவிட்டன என்றேன். உன் முழங்கால், பள்ளிக்கூட அறுவடை லீவு, தேவாலயத்துப் புது அடுப்பு... நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அவர் திரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வெர்டா, அந்தத் தாள்ல ஏழெட்டு வரிதான் இருக்கு. வெளிச்சத்துல பின்பக்கம் தெரியுது. நீ பத்து நிமிஷமா படிக்கிறே."

நான் தாளை மடிக்கப் போனேன்.

"என்ன எழுதியிருக்கோ அதைப் படி" என்றார்.

படித்தேன். என் சங்கதியை என் வாயாலேயே, அக்கா அக்கா என்று படித்தேன். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் தடவையும் படித்தேன், நோரீன்.

எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "படிவத்துல என்ன எழுதினே?" என்றார்.

"இல்லைன்னு."

"என் எதிர்ல உக்காந்துக்கிட்டா?"

"ஆமா."

விரல் விட்டு எண்ணினார். அக்டோபரிலிருந்து ஆகஸ்டுவரை. பதினொன்று. பிறகு அதே விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பல் தேய்க்கறப்போகூட எதிர்ல நின்னேனேடி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. லெய்சியெலி வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். அங்கிருந்து ஊழியத் தலைவருக்குப் போன் போட்டார். புதன்கிழமை ஹோனலுலுவுக்குக் கிளம்புகிறோம், அங்கே ஆஸ்பத்திரியில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது.

பெட்டி கட்டிவிட்டேன். பியானோப் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பாடவும் இல்லை, போகவும் இல்லை. லெய்சியெலி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எனக்கு ஆறுதல் சொல்ல அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை, நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

எண்ணெய்க் குப்பி அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஒரு வாரமாக அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருமே லோர்னாவைத்தான் நினைக்கிறோம், எனக்குத் தெரியும்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது. இப்போது இல்லை. எனக்காக வேண்டிக்கொள்.

அக்கா

*

ஹோனலுலு
செப்டம்பர் 21, 1988

அன்புள்ள நோரீனுக்கு,

ஆர்லோ எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. இத்தனை வருஷம் வெர்டாதான் எழுதினாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்துக்கு நன்றி. முதல் நாள் உன்மேல் கோபம் வந்தது, அவ்வளவு நாள் எனக்குக் கன்றுக்குட்டிக் கதை அனுப்பினாயே என்று. இப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கழலைகளையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று அடுத்த வாரம்தான் தெரியும். டாக்டர் நல்ல மனிதர். ஆனால் நான் கேட்டதற்கெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். பிள்ளைகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இப்போது எழுதப்போவதை அவர்களுக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளை உள்ளே கொண்டுபோக ஒரு மணி நேரம் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கை வைங்க ஆர்லோ" என்றாள். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். இந்த ஊர்ச் சபைச் சகோதரர் ஒருவர் துணைக்கு வந்திருந்தார். அவர் எண்ணெய் பூசினார். நான் கை வைத்தேன்.

வரவில்லை, நோரீன்.

அந்தத் தீவில் எத்தனை பேர் தலையில் கை வைத்தேன், பேர்கூடத் தெரியாதவர்களுக்கு வார்த்தை வந்து கொட்டியது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. சுகமாவாள் என்றும் வரவில்லை, மாட்டாள் என்றும் வரவில்லை. காத்துக்கொண்டு நின்றேன். அவள் கழுத்து என் கைக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான் ஏன் பேசாமல் நிற்கிறேன் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அப்போது நான் சொன்னேன். "கர்த்தரின் நாமத்தினால் சொல்கிறேன், நீ சுகமாவாய். திரும்பிப் போய் உன் ஊழியத்தை முடிப்பாய். உன் பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்ப்பாய்." உரக்கச் சொன்னேன். என் குரல் கொஞ்சமும் ஆடவில்லை. துணைக்கு வந்தவர் ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது என் வார்த்தை. கர்த்தருடையது இல்லை. அவர் பெயரைப் போட்டு நான் சொன்னது.

அவள் கழுத்து இளகியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், குழந்தை மாதிரி. "எதுக்கு இவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டீங்க? என் உசிரே போயிடுச்சு" என்றாள். தள்ளுகட்டிலில் போகும்போது நர்ஸோடு வம்பளந்துகொண்டே போனாள்.

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். "எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார், அப்புறம் என்ன? வராத வார்த்தையைச் சொல்லத் தெரியாத மனுஷன்." டாக்டரிடமும் சொன்னாள். லெய்சியெலிக்கு எழுதி, பியானோவின் ஊமைக் கட்டைகளைச் சரிபண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். பதினொரு மாசத்தில் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள், பார்த்தாலே தெரிகிறது. நான் தூங்கவில்லை. முழங்கால் போட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ ஒருத்திதான் அவள் விஷயத்தை இத்தனை நாள் மனதில் வைத்திருந்தாய். இதையும் வைத்துக்கொள். அவளுக்கு என்றைக்கும் தெரிய வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எனக்காக ஒன்றும் வேண்டாதே. நான் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கோபம் என்றால் என்மேல் தீர்த்துக்கொள்ளட்டும். நான் சொன்னதை மட்டும் செய்துவிடட்டும்.

வெர்டா எழுந்துவிட்டாள், யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள்.

ஆர்லோ